சல்லேகனை: சாத்திரமும் சட்டமும்

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பொறிக்கப்பெற்ற பெரும்பாறையைக் கண்டு வணங்காத தமிழ்ச் சமணக் குடும்பங்கள் சிலவே இருத்தல் கூடும். அக்குன்றில் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஐம்பத்தேழு நாள் அனசனம் நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை என்கிறது ஒன்று. முப்பது நாள் அனசனம் நோற்ற இளையபட்டாரகரின் நிசீதிகை என்கிறது மற்றொன்று. முன்னது கி.பி. ஆறாம் நூற்றாண்டளவினது. ‘ஐ’ என்னும் எழுத்து கல்லில் தோன்றும் மிகப் பழைய இடங்களுள் அதுவும் ஒன்று என்பர் எழுத்தியல் அறிஞர். துறவியின் பெயர், நோன்பின் பெயர், நாளின் எண்ணிக்கை ஆகிய இவற்றுக்கு மேல் அக்கல்லில் ஒரு சொல்லும் இல்லை. அவர் ஏன் நோற்றார், நோற்க உரிமை பெற்றிருந்தாரா என்னும் கேள்விகள் அக்காலத்தில் எழவில்லை.

அக்கேள்விகள் 2015 ஆகஸ்டு 10ஆம் நாள் எழுந்தன. சல்லேகனை தற்கொலையே என்றும், அதனை நோற்பாரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படியும், உடனிருந்து துணை செய்வாரை 306ஆம் பிரிவின்படியும் நடத்த வேண்டும் என்றும் இராசஸ்தான் உயர்நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. முன்னது தற்கொலை முயற்சிக்கு உரிய பிரிவு. பின்னது தற்கொலைக்குத் தூண்டுதலுக்கு உரியது. நாடெங்கும் சமணர் அமைதி ஊர்வலம் நடத்தினர். மூன்று வாரம் முடிந்த அளவில், ஆகஸ்டு 31ஆம் நாள், உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. ஆண்டுகள் பல கடந்தும் இறுதித் தீர்ப்பு வரவில்லை.

அந்த ஊர்வலங்களிலும் அதன்பின் எழுதப்பட்ட கட்டுரைகளிலும் ‘இறக்கும் உரிமை’ என்னும் தொடர் பலமுறை எடுத்தாளப்பட்டது. சமணர் தம் நோன்பைக் காக்க இத்தொடரைக் கையில் எடுத்தது பொருத்தம்தானா என்பது ஆராயத்தக்கது. சாத்திரம் சல்லேகனையை உரிமையாகப் பேசவில்லை. இறக்க வேண்டும் என்னும் விருப்பத்தையோ அது குற்றங்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது.

உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் சல்லேகனைக்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது நோன்பை மாசுபடுத்தும் பிழைகளை, வகுத்துள்ளது. இன்னும் வாழ வேண்டும் என்னும் ஆசை, விரைவில் சாக வேண்டும் என்னும் ஆசை, நட்பினர்மேல் பற்று, முன்பு துய்த்த இன்பங்களை நினைந்திருத்தல், மறுமையில் இன்ன பயன் வேண்டும் என்று குறித்தல் என்பன அவை. வாழ்வாசையை அடுத்தே சாவாசையும் வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. பசியின் துன்பம் பொறாது ‘இன்றே முடிந்தால் நன்று’ என்று நோற்பவர் எண்ணினாலும் நோன்பு மாசுபடும். ஆகவே ‘சாகும் உரிமை எனக்கு உண்டு’ என்று வழக்காடுபவரை அச்சூத்திரம் நோன்பினராக ஏற்பதே ஐயம்.

சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், எந்நிலையில் இது நோற்கத்தக்கது என்பதை வரையறுத்தார். தப்ப இயலாத இடையூறு, கடும் பஞ்சம், தளர்ந்த முதுமை, தீரா நோய் என்னும் நிலைகளில், அறத்தைக் காக்கும் பொருட்டு உடலை விடுதலே சல்லேகனை என்பது அவர் கருத்து. நம் அருங்கலச்செப்பு அந்நூலின் வழியில் தமிழில் எழுந்ததே. பூச்சியபாதர் தம் சருவார்த்தசித்தி உரையில், இது தற்கொலை ஆகாதோ என்னும் வினாவைத் தாமே எழுப்பி விடை கூறினார். இற்றைநாள் நீதிமன்றத்தில் கேட்கப்பட்ட அதே வினாதான் அது. விருப்பு, வெறுப்பு, மயக்கம் ஆகியவற்றால் உந்தப்பட்டு நஞ்சோ படைக்கலமோ கொண்டு தன்னை அழிப்பவனே தற்கொலை செய்பவன். இங்கு அவை இல்லை என்பது அவர் விடை. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். பண்டசாலை உடைய வணிகன் அது அழிவதை விரும்பமாட்டான். அழிவு நேர்ந்தால் முதலில் பண்டசாலையையே காக்க முயல்வான். இயலாதபோதுதான் உள்ளிருக்கும் பண்டங்களையேனும் காப்பான். உடல் பண்டசாலை, விரதங்கள் பண்டங்கள். இவ்வுவமையில் முதலில் செய்யும் முயற்சி உடலைக் காப்பதே என்பதை மறத்தல் ஆகாது. தீராத நோய்க்கே சல்லேகனை. தீரும் நோய்க்கு மருந்து.

சமந்தபத்திரரின் வாழ்வைப் பற்றி வழங்கும் மரபுவழிச் செய்தி ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. எவ்வளவு உண்டாலும் அடங்காத பசியை விளைக்கும் பஸ்மகம் என்னும் நோய் அவரைப் பற்றியது. துறவு நெறிக்குரிய அளவான உணவோடு அந்நோயைத் தாங்க இயலாமல், சல்லேகனை நோற்க இசைவு தருமாறு அவர் தம் ஆசிரியரை வேண்டினார். ஆசிரியர் மறுத்துவிட்டார். அவரால் அறத்துக்கு ஆக வேண்டியது இன்னும் உண்டு; துறவுக்கோலத்தை நீக்கியேனும் நோயைத் தீர்த்துக்கொண்டு மீள்க என்றார். அவரும் அவ்வாறே செய்து, நோய் நீங்கியபின் மீண்டும் துறவு பூண்டார் என்பர். சல்லேகனைக்கு இலக்கணம் வகுத்த பெரியார்க்கே அது மறுக்கப்பட்டது. கேட்டவர் தகுதியற்றவர் என்பதற்காக அன்று, காலம் வரவில்லை என்பதற்காக.

இசைவு தருதலும் மறுத்தலும் ஆசிரியர் கையில் இருந்தன என்றால், நோன்பு தொடங்கியபின் காக்கும் பொறுப்பு நிரியாபகர் கையில் இருந்தது. சிவாரியர் பிராகிருதத்தில் இயற்றிய பகவதி ஆராதனை, ஈராயிரத்துக்கும் மேற்பட்ட காதைகளில் இம்மரணத்தையே பொருளாகக் கொண்ட நூல். நோற்பவருக்கு உதவ நாற்பத்தெண்மர் நிரியாபகர் வேண்டும் என்று அது கூறுகிறது. காலம் வாய்க்காவிடின் குறையலாம், ஆயினும் இருவரேனும் இன்றியமையாதவர். உடலைத் தாங்கி எழுப்புவோர், அறவுரை கூறுவோர், வாயிலில் நின்று காண வருவோரை ஒழுங்கு செய்வோர் என அவர் பணிகள் பலவகை. உணவும் ஒரே நாளில் நிறுத்தப்படுவதன்று. திட உணவு, பால் முதலிய நீர்மங்கள், நீர் எனப் படிப்படியாகக் குறையும். நோற்பவர் மனம் கலங்கினால் தேற்ற வேண்டியவரும் நிரியாபகரே. தனி ஒருவர் கதவை அடைத்துக்கொண்டு செய்யும் செயலுக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது.

இங்கே தமிழிலக்கியம் பயின்றோர் செய்யும் ஒரு பிழையையும் சுட்டுதல் வேண்டும். விழா மலர்களிலும் மேடைகளிலும் சங்ககால வடக்கிருத்தலும் சல்லேகனையும் ஒன்றே எனக் கூறப்படுவது வழக்கமாகிவிட்டது. புறத்தோற்றம் ஒன்றே. அகத்தே வேறுபாடு உண்டு. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான். கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு பகை மூண்டமையால் மனம் நொந்து வடக்கிருந்தான். நாணமும் மனநோவும் சமந்தபத்திரர் கூறிய நிலைகளுள் இல்லை. பிசிராந்தையார் உடன் அமர்ந்ததோ நட்பின்பொருட்டு. நட்பின்மேற்பற்று அதிசாரம் என்பதை மேலே கண்டோம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் சமணத் துறவியே ஆயினும், கோவலன் முடிவைக் கேட்டுத் துயருற்று உண்ணாநோன்பால் உயிர் துறந்தார். இளங்கோவடிகள் அதனைப் பெருமையோடு பாடினார். பூச்சியபாதர் எவ்வாறு மதிப்பிட்டிருப்பார் என்பது வேறு. எல்லாவற்றையும் சல்லேகனை என்று உரிமை கொண்டாடினால், ‘வருத்தத்தாலும் மானத்தாலும் இறப்பதுதானே உங்கள் நோன்பு’ என்று எதிர்வாதம் செய்வார்க்கு நாமே சான்று எடுத்துக் கொடுத்தவர் ஆவோம். ஒன்றுமட்டும் இரண்டுக்கும் பொது. உடனிருக்க விரும்பிய பொத்தியாரை, ‘மனைவிக்கு மகன் பிறந்தபின் வா’ என்று சொல்லிச் சோழன் திருப்பி அனுப்பினான். கடமை முடியாதார்க்கு இசைவில்லை என்னும் நெறி அங்கும் இருந்தது.

இனி, சட்டத்தின் வரலாறு. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிற்று. ஆயினும் சமண நோன்பின்மேல் அச்சட்டத்தை எவரும் ஏவவில்லை. இருபதாம் நூற்றாண்டில் திகம்பர முனிநெறியை மீண்டும் தழைக்கச் செய்த ஆசாரிய சாந்திசாகரர், கண்பார்வை மங்கியமையால் நடக்கும்போது சிற்றுயிர்களைக் கண்டு விலக இயலாத நிலையில், இன்றைய மராட்டிய மாநிலத்தில் உள்ள குந்தலகிரியில் சல்லேகனை மேற்கொண்டார். நாடே அறிய ஐந்து வாரம் நோற்று 1955 செப்டம்பர் 18இல் மறைந்தார். வழக்கு ஏதும் எழவில்லை. சமணர் அல்லாத வினோபா பாவே 1982 நவம்பரில் பவுனார் ஆசிரமத்தில் உணவும் மருந்தும் மறுத்து உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு அரசு அவருக்குப் பாரத ரத்னா அளித்துச் சிறப்பித்தது. மைசூர் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய துகோல், சல்லேகனை தற்கொலையன்று என்று நிறுவும் நூலை 1976இல் வெளியிட்டார். சட்டம் கற்றவர் ஒருவர் அப்படி ஒரு நூல் எழுத நேர்ந்தது, ஐயம் அப்போதே துளிர்த்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

உச்சநீதிமன்றம் 1994இல் இரத்தினம் வழக்கில், வாழும் உரிமையில் வாழாதிருக்கும் உரிமையும் அடங்கும் எனக் கூறி 309ஆம் பிரிவைச் செல்லாதது ஆக்கிற்று. 1996 மார்ச்சில் கியான் கவுர் வழக்கில் ஐவர் அமர்வு அதனை மாற்றியது. அரசியல் சாசனத்தின் 21ஆம் உறுப்பு வாழ்வைக் காப்பது. சாவை உரிமையாக்காது என்றது. ஆனால் இயற்கையான இறப்பு தொடங்கிவிட்ட நிலையில், கண்ணியத்தோடு இறத்தல் வாழும் உரிமையின் பகுதியே என்றும் அதே தீர்ப்பு கூறியது. இந்த ஒரு கருத்திலிருந்தே பிற்காலத் தீர்ப்புகள் கிளைத்தன. சல்லேகனைக்கும் அணுக்கமானது இதுவே, 1994இன் தீர்ப்பு அன்று.

2011இல் அருணா ஷான்பாக் வழக்கு வந்தது. மும்பை மாநகராட்சி மருத்துவமனைச் செவிலியரான அவர், 1973 நவம்பரில் கொடுந்தாக்குதலுக்கு ஆளாகி உணர்விழந்து கிடந்தவர். அவரை இறக்க விடுக என்று எழுத்தாளர் ஒருவர் வேண்டினார். கருவிகளையும் சிகிச்சையையும் விலக்கிக்கொள்ளுதல் குறிப்பிட்ட நெறிகளின்படி ஏற்கத்தக்கதே என்ற நீதிமன்றம், அருணாவுக்கு மட்டும் அதனை மறுத்தது. பல்லாண்டு அவரைக் குழந்தைபோல் பேணிய மருத்துவமனைச் செவிலியர் அவர் வாழ வேண்டும் என்றனர். அவர்கள் சொல்லே எடையுடையது என்று நீதிபதிகள் கருதினர். 2015 மே மாதம் அவர் இயற்கையாக மறைந்தார். நாளிதழ்கள் இவ்வகை இறப்பைக் ‘கருணைக் கொலை’ என்று எழுதுகின்றன. கருணையையும் கொலையையும் ஒரே தொடரில் சேர்ப்பது கொல்லாமை போற்றும் செவிக்கு நெருடலானது. மொழியில் வேறு நல்ல தொடர் இன்னும் நிலைபெறவில்லை.

2018 மார்ச் 9இல் காமன் காஸ் வழக்கில் ஐவர் அமர்வு மேலும் சென்றது. மீள வழியற்ற நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டா என்பதை ஒருவர் நலமாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம் என ஏற்றது. அதற்கு விதித்த நடைமுறை கடினமாக இருந்தமையால் 2023 சனவரியில் எளிதாக்கப்பட்டது. நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் கையொப்பமிட்டால் போதும்.

இவற்றின் இடையே நிகழ்ந்ததே இராசஸ்தான் வழக்கு. 2006இல் ஜெய்ப்பூர் வழக்கறிஞர் ஒருவர் பொதுநல மனுவாக அதனைத் தொடுத்தார். முதியோர், குறிப்பாக மூதாட்டியர், குடும்பத்தின் விருப்பத்துக்கோ சமூகப் பெருமைக்கோ ஆட்பட்டு நோன்பில் இருத்தப்படுகின்றனர் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. உடன்கட்டை ஏறுதலோடும் இது ஒப்பிடப்பட்டது. அவ்வொப்பீடு தவறானது, எரியில் இட்ட உடலை மீட்க முடியாது, நோன்பையோ எந்த நாளிலும் நிறுத்தலாம். ஆனால் முதற்கூறிய வாதத்தைப் புறந்தள்ளல் எளிதன்று. நோன்பு தொடங்கியதும் சுவரொட்டி ஒட்டுவதும், பெருங்கூட்டம் திரட்டுவதும், குடும்பத்தின் புகழாக அதனைப் பேசுவதும் சில இடங்களில் நிகழவே செய்கின்றன. அத்தகைய ஆரவாரத்தின் நடுவே, ‘வேண்டா, சிறிது கஞ்சி கொடுங்கள்’ என்று சொல்ல ஒரு மூதாட்டிக்குத் துணிவு வருமா? சாத்திரம் நிரியாபகரை வாயிலில் நிறுத்தியது கூட்டம் சேர்க்க அன்று. நீதிமன்றத்தின் முடிவு பிழையாக இருக்கலாம். அது கேட்ட கேள்வி சமந்தபத்திரரின் ஆசிரியர் கேட்ட கேள்வியே.

இன்றியமையாத சமயப் பழக்கம் என்று நிறுவப்படவில்லை என்பது அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. எல்லாச் சமணரும் நோற்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் இது இன்றியமையாதது அன்று என்னும் போக்கு அதில் காணப்படுகிறது. இவ்வளவைக் கொண்டு பார்த்தால் துறவும் இன்றியமையாதது ஆகாது; எல்லாச் சமணரும் துறப்பதில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் எனக் கொண்டு அவரைத் தண்டியாது சிகிச்சை அளிக்க வழிசெய்தது. இரக்கமுள்ள சட்டம். ஆனால் சல்லேகனையைத் தற்கொலைக்குள் அடக்கினால், மனச்சமநிலையையே உயிராகக் கொண்ட நோன்பை மனஅழுத்தத்தின் விளைவாகக் கருத நேரும். 2024 சூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கடமையிலிருந்து தடுக்கவோ வற்புறுத்தவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226ஆம் பிரிவில் குற்றமாக உள்ளது. சிக்கல் தீர்ந்தது என்று சிலர் மகிழ்ந்தனர். தூண்டுதலுக்குரிய பழைய 306ஆம் பிரிவு, 108ஆம் பிரிவாக அப்படியே உள்ளது. ஆகவே உச்சநீதிமன்றம் நாளை எவ்வாறு தீர்ப்பளித்தாலும், நோற்பவரைவிட உடனிருப்பவரே அதனால் மிகுதியாகத் தொடப்படுவர். தலைமாட்டில் அமர்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதும் மகனும் மருமகளும் நிரியாபகரா, தூண்டியவரா என்பதே எஞ்சி நிற்கும் வினா. நோற்பவர் தெளிந்த அறிவோடு கேட்டதும், மருத்துவர் நோயின் நிலையை உரைத்ததும், ஆசிரியர் ஆய்ந்து இசைந்ததும் அவ்வீட்டில் எழுத்தில் இருக்குமானால், அது சாத்திரத்துக்கும் சட்டத்துக்கும் ஒருங்கே விடையாகும்.

உறுப்புக் கொடையிலும் சட்டம் இறுதியில் உடனிருப்பாரையே நாடுகிறது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை இறப்பாக ஏற்றது. மருத்துவர் நால்வர் குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்ய வேண்டும். இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், 2008இல், தமிழ்நாட்டில் இறந்தோர் உறுப்புக் கொடைத் திட்டம் ஒழுங்குபெற்றது. அவ்வாண்டு சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஒருவனின் பெற்றோர் அவன் உறுப்புகளை ஈந்த செய்தி மாநிலத்தையே உருக்கியது. 2023 செப்டம்பரில், உறுப்பு ஈந்தோர் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. உயிரோடு இருந்தபோது உறுதிமொழி எழுதியவராயினும், அவசரப் பிரிவின் வாயிலில் நிற்கும் உறவினர் இசையாவிடில் மருத்துவர் நடைமுறையில் கை வைப்பதில்லை.

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் இது எதில் அடங்கும் என்று பெரியோர் சிலர் வினவுவர். பிறன் நோய் தீர்ப்பதால் ஔஷத தானம்; சாவின் அச்சம் நீக்குவதால் அபய தானம் எனவும் கொள்ளலாம். தன் உடல்மேலுள்ள பற்றை விடுதற்கு நோற்ற ஒருவர், அவ்வுடலின் பகுதி பிறர்க்குப் பயன்படுவதை மறுக்கக் காரணம் இல்லை. ஆயினும் ஒரு நடைமுறை உண்மை உண்டு. இதயம், ஈரல், சிறுநீரகம் போன்றவற்றைப் பெற, மூளைச்சாவு அடைந்தவரின் குருதியோட்டத்தை மருத்துவமனைக் கருவிகள் நிலைநிறுத்த வேண்டும். இல்லத்திலோ ஆலய வளாகத்திலோ நோற்று இயற்கையாக அடங்கும் உடலிலிருந்து அவற்றைப் பெற இயலாது.

கண்களைப் பெறலாம். இறப்புக்குப்பின் ஆறு மணி நேரத்துக்குள் கண்வங்கியார் வர வேண்டும். முதுமையோ, மூக்குக் கண்ணாடி அணிந்தமையோ, கண்புரை அறுவை செய்துகொண்டமையோ தடையாகா. அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவைத்தல் போதும். எடுக்கும் பணி அரைமணி அளவில் முடியும்; முகத்தோற்றம் மாறாது. உடலைக் காலந்தாழ்த்தாது எரியூட்டும் நம் வழக்கத்துக்கும் அதனால் இடையூறு இல்லை. சிதைக்கு விறகு அடுக்கி முடிவதற்குள் அவர்கள் பணி முடிந்துவிடும்.